மண்கலத்துச் செல்வம்

மனிதராய்ப் பிறந்த அனைவரும் ஏதோ ஒன்றைத் தேடிக்கொண்டே இருக்கிறோம். பொருள் தேடுவோர் உண்டு. புகழ் தேடுவோர் உண்டு. தேடியது கைக்கு வந்தால் மனம் நிறைகிறதா? சில நாள் நிறைகிறது. பிறகு வேறொன்றுக்கு ஏங்கத் தொடங்கிவிடுகிறது. பிளஸ் டூ மதிப்பெண் வந்த நாளில் நான் மகிழ்ந்தேன். நம் கல்லூரியில் வேதியியல் பிரிவில் இடம் கிடைத்த நாளில் அதைவிட மகிழ்ந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். ஆயினும் முதல் பருவத் தேர்வு வந்தபோது அந்த மகிழ்ச்சி போன இடம் தெரியவில்லை.

வந்து போகும் இன்பத்தை எல்லாரும் அறிவோம். வந்தபின் போகாமல் தங்கும் நிறைவு என்று ஒன்று உண்டா? உண்டு என்றே கருதுகிறேன். அதை நான் கிறித்தவ நம்பிக்கையில் கண்டேன். மதப் பிரசாரம் செய்வது என் நோக்கமன்று. பல சமயத்தாரும் ஒரே பெஞ்சில் அமர்ந்து படிக்கும் கல்லூரி நம்முடையது. ஆசிரியப் பெருமக்கள் முன்பும் தோழர் தோழியர் முன்பும் ஒரு மாணவியின் அனுபவமாகவே இதை வைக்கிறேன்.

நம் ஊரின் பழம்பெயர் திருமுதுகுன்றம். இறைவனிடம் இங்கே பெற்ற பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்று புராணம் கூறுகிறது. ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது என்று நாம் கேலியாகச் சொல்கிறோம். இந்த ஊர்க்காரர்களுக்கு அது கேலியன்று, நம்பிக்கை. இன்று வெளியூரார்க்கு நம் ஊர் பீங்கான் நகரம். கொலு பொம்மை, அகல் விளக்கு, மின்சாரப் பீஸ் கட்டை எல்லாம் இங்கிருந்து போகின்றன. என் தந்தையார் ஒரு பட்டறையில் சூளை வேலை பார்த்தார். என் தாயார் வேறொரு பட்டறையில், அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மைகளுக்குக் கத்தியாலும் ஈரப் பஞ்சாலும் பிசிறு நீக்குகிறார். பொம்மைக் கணக்கில் கூலி. நான் படிக்கும் புத்தகங்கள் அந்தப் பிசிறில் வாங்கியவை.

மண்ணைப் பற்றி என் வீட்டார்க்குத் தெரிந்த ஒன்றைக் கனிம வேதியியல் வகுப்பில் வேறு சொற்களில் கேட்டேன். அச்சில் வார்த்த களிமண்ணை எத்தனை நாள் வெயிலில் காய வைத்தாலும் அது மண்தான். கல்போல் இறுகித் தோன்றும். தண்ணீரில் போட்டால் மீண்டும் சேறாகிவிடும். காய்ச்சலில் போவது துகள்களுக்கு இடையே தங்கிய நீர் மட்டுமே. சூளையின் வெப்பம் ஏறத்தாழ 500, 600 டிகிரி செல்சியசைத் தொடும்போதுதான் மண்ணின் கட்டமைப்பிலேயே பிணைந்திருந்த நீர் வெளியேறுகிறது. தூய கயோலினைட் நூறு கிராம் எடுத்தால் ஏறத்தாழ 14 கிராம் அப்படிப் போய்விடும். போன நீரை ஊற்றிப் பழைய சேற்றை மீட்க முடியாது. 1000 டிகிரிக்கு மேலே முல்லைட் என்னும் புதிய படிகம் உருவாகத் தொடங்குகிறது. அதற்கு மேல்தான் அது பீங்கான். தன்னில் ஒரு பகுதியை இழந்த பிறகே மண் கரையாத பொருளாகிறது.

பக்தியிலும் இந்த இரண்டு நிலை உண்டு என்று எண்ணுகிறேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கையில் ஒரு தியானக் கூட்டத்துக்குப் போனேன். பாட்டும் செபமும் கேட்டுத் தேம்பித் தேம்பி அழுதேன். வீடு திரும்பியபோது உலகமே புதிதாகத் தெரிந்தது. ஒரு வாரம் சென்றது. எல்லாம் பழையபடி ஆயிற்று. அந்தக் கண்ணீர் பொய்யன்று. ஆனால் அது வெயிலில் காய்ந்த மண். சூளை பிறகு வந்தது.

நான் பிளஸ் டூ படித்த ஆண்டில் தந்தையார்க்கு நுரையீரல் நோய் முற்றியது. படுத்தால் மூச்சு வராது. சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தபடியே இரவைக் கழிப்பார். அந்தத் தை மாதம் தாயார் மங்கலம்பேட்டைப் பக்கத்திலுள்ள கோணான்குப்பத்துக்கு நடந்தே போனார். பெரியநாயகி அன்னையின் கோயிலில் முழந்தாளிட்டு வேண்டிக்கொண்டார். தந்தையார் பிழைக்கவில்லை. மாசியில் போய்விட்டார். கடைசி வாரத்தில் அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “ஹால் டிக்கெட் வந்துருச்சா பாப்பா?” என்றார். அவர் முகத்தில் அச்சம் இல்லாததைக் கண்டேன். அது எனக்கு அப்போது விளங்கவில்லை.

அடுத்த ஆண்டுத் தையிலும் தாயார் கோணான்குப்பத்துக்கு நடந்தார். இதை அறிந்த என் ஆய்வகத் தோழி ஒருநாள், “இவ்ளோ வேண்டிக்கிட்டாங்களே உங்கம்மா, என்ன கிடைச்சுது?” என்று கேட்டாள். அவள் ஏளனமாகக் கேட்கவில்லை. என் மீதுள்ள அன்பால் கேட்டாள். அறிவியல் படிப்பவர் கேட்க வேண்டிய கேள்விதான். எனக்குள்ளும் அது இருந்தது. அன்று மாலை அந்தக் கேள்வியைத் தாயாரிடமே கொண்டு போனேன். அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

“கேட்டது கிடைக்கலதான் பாப்பா. ஆனா கேக்கறதுக்கு ஒருத்தர் இருந்தாரு. உங்கப்பா மூச்சு முட்டிக் கெடந்த ராத்திரியெல்லாம் நான் ஒத்தையில இல்ல. அவரும் ஒத்தையில போவல.”

எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டும் தெரிந்த என் தாயின் விடை இது. கோணான்குப்பத்தில் ஒன்றைக் கேட்டு, எங்கள் வீட்டுத் திண்ணையில் வேறொன்றைப் பெற்றிருக்கிறார். ஆற்றில் போட்டதைக் குளத்தில் எடுத்த ஊரல்லவா இது!

இதைச் சொல்லளவில் ஆறுதல் என்று யாரும் தள்ளிவிடலாம். நானும் ஒரு சான்று தேடினேன். எங்கள் வீட்டில் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போடும் வழக்கம் உண்டு. பானை நிறைந்ததும் தெருவில் இல்லாதவர் ஒருவருக்குப் போகும். தந்தையார் இருந்தபோது இரண்டு கூலி; அவர் போனபின் ஒரே கூலி. நான் தாயாரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிடி சிறுக்கவில்லை. கடன்காரர் வந்து போன நாளிலும் சிறுக்கவில்லை. நிறைவு என்பது பையில் இருப்பதன் அளவன்று. கையை மூட விடாத ஒன்று என்று அன்று தெரிந்துகொண்டேன். வெளியே எத்தனை குறைந்தாலும் உள்ளே குறையாத ஏதோ ஒன்று அவரிடம் இருக்கிறது. அதைத்தான் நிலைத்த நிறைவு என்கிறேன்.

தாயார் நடந்துபோகும் கோணான்குப்பத்துக்கு ஒரு வரலாறு உண்டு. இத்தாலி நாட்டில் காஸ்திகிலியோனே என்னும் ஊரில் 1680-இல் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி 1711-இல் தமிழகம் வந்தார். காவி உடுத்தினார், தமிழ் கற்றார், வீரமாமுனிவர் ஆனார். கோணான்குப்பத்துக் கோயிலை எழுப்பியவர் அவரே. அன்னைக்குப் பெரியநாயகி என்று பெயரிட்டார். நம் ஊர்ச் சிவன் கோயிலில் எழுந்தருளியிருக்கும் விருத்தாம்பிகையின் தமிழ்ப் பெயரும் அதுவே. இத்தாலியிலிருந்து வந்தவர் தம் நம்பிக்கைக்குரிய அன்னையை நம் ஊர் மக்கள் வாயில் ஏற்கெனவே பழகியிருந்த பெயரால் அழைத்தார். பிறந்த மண், தாய்மொழி, உற்றார் அனைத்தையும் விட்டு வந்தவர் தாயகம் திரும்பவே இல்லை. இழந்தவரின் ஏக்கம் அவர் நூல்களில் காணப்படவில்லை. சதுரகராதி கண்டார், தொன்னூல் விளக்கம் இயற்றினார், தேம்பாவணி பாடினார்.

தேம்பாவணியை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு உண்டாகும். 3 காண்டம், 36 படலம், 3615 பாடல். அத்தனையும் யாரைப் பற்றி? இயேசுவின் வளர்ப்புத் தந்தையான சூசையப்பரைப் பற்றி. வளன் என்று அவருக்குத் தமிழ்ப்பெயர் சூட்டுகிறார் முனிவர். அவரோ ஒரு தச்சுத் தொழிலாளி. நான்கு நற்செய்தி நூல்களிலும் அவர் வாய்திறந்து பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. பேசாத ஒரு கூலியாளரைக் காப்பிய நாயகனாக்கி ஒரு புலவர் 3615 பாடல் பாடினார் என்றால், அந்த நம்பிக்கையில் கூலியாளருக்கு இருக்கும் இடம் எது என்பது விளங்கவில்லையா? நல்ல மரணத்துக்குப் பாதுகாவலர் என்றும் கத்தோலிக்கர் சூசையப்பரைக் கொண்டாடுவர். என் தந்தையாரும் அதிகம் பேசாதவர். எங்கள் வீட்டுச் சுவரில் அவர் மாட்டிவைத்த ஒரே படம் சூசையப்பர் படம். அவர் முகத்தில் கடைசி வாரத்தில் அச்சம் இல்லாமற்போன காரணத்தைத் தேம்பாவணியைப் பற்றிப் படித்த பிறகே ஓரளவு உணர்ந்தேன்.

முனிவர் பிறப்பால் கிறித்தவர். பிறப்பால் வேறு சமயத்தவராயிருந்து, தேடி வந்து நிலைத்தவர் ஒருவரையும் சொல்ல வேண்டும். அவர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை. திருநெல்வேலிச் சீமையில் 1827-இல் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். கம்பனில் தோய்ந்த புலவர். சாயர்புரம் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர். 1858-இல் திருமுழுக்குப் பெற்றார். புதிதாக வரும் ஆர்வம் புது மண்பானையின் குளிர்ச்சி போல் சில நாளில் தணிந்துவிடும் என்பார்கள். இவருக்குத் தணியவில்லை. ஜான் பனியனின் ஆங்கில நூலைத் தழுவி, ஆன்மா முத்தி நோக்கிச் செல்லும் பயணத்தை இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியமாக்கினார். அது நூலாக வெளிவந்தது 1894-இல். திருமுழுக்குக்கும் நூலுக்கும் இடையே 36 ஆண்டுகள். கம்பனிடம் கற்ற தமிழை அவர் வாசலில் விட்டுவிட்டு வரவில்லை. அதையே கையில் ஏந்தி உள்ளே போனார். கிறித்தவக் கம்பர் என்று தமிழுலகம் அவரைப் போற்றுகிறது.

இவ்வளவும் சொன்னபின் என் மண் உவமையில் ஒரு குறை தோன்றுகிறது. சுட்ட மண் கரையாது, உண்மைதான். ஆனால் உடையும். பட்டறைகளுக்குப் பின்னால் குவிந்து கிடக்கும் ஓடுகளைப் பார்த்தவர்க்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விவிலியத்தில் எரேமியா என்னும் இறைவாக்கினர் குயவன் வீட்டுக்குப் போகிறார். சக்கரத்தில் கெட்டுப்போன மண்ணைக் குயவன் மீண்டும் வனைவதைப் பார்க்கிறார். அது 18-ஆம் அதிகாரம். அதற்கு அடுத்த அதிகாரத்திலேயே சுட்ட கலயம் ஒன்றை உடைக்கச் சொல்கிறார் கடவுள். அது இனி ஒட்டாது என்கிறார். மண் வேலை தெரிந்த வீட்டில் பிறந்தவர்களுக்கு இந்த இரண்டு அதிகாரங்களின் வேறுபாடு சட்டென்று புரியும். என் தந்தையார் உடைந்து போனார். அவரை ஒட்டவைக்க எந்தச் சூளையாலும் முடியாது.

அப்படியானால் நிலைப்பது எது? பவுலடியார் கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய இரண்டாம் மடலில் இதற்கு விடை இருக்கிறது. நாம் மண்கலங்களே, நம்முள் வைக்கப்பட்டிருப்பதே செல்வம் என்னும் பொருள்பட எழுதுகிறார் அவர். கலம் உறுதியானது என்று அவர் சொல்லவில்லை. கலத்தின் உறுதியை நம்பியிருப்பவர் அது உடையும் நாளில் எல்லாவற்றையும் இழப்பார். உள்ளே உள்ளதை நம்பியிருப்பவர் இழப்பதில்லை. தாயாரிடம் நான் கண்டது மனத்திடம் என்று முதலில் நினைத்தேன். திடமானவர் அல்லர் அவர். தந்தையாரின் சட்டையை மடிக்கும்போது இன்றும் அழுகிறார். அழுதுகொண்டே அடுத்த பிடி அரிசியைப் போடுகிறார். திடம் அவருடையதன்று, அவருக்குள் இருப்பவருடையது.

இந்த நம்பிக்கை எனக்கும் ஒரு விலை கேட்டது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். நாங்கள் ஆதிதிராவிடர் குலத்துக் கிறித்தவர்கள். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதியினர் என்ற தகுதி இந்துக்களுக்கே உரியதாயிற்று. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் நாங்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறோம். ஒரே தெரு, ஒரே வேலை, ஒரே அவமானம். சான்றிதழ் மட்டும் வேறு. சாதி கோயில் வாசலில் செருப்போடு நின்றுவிடுவதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

என் தாய்மாமன் சென்ற கோடையில் வீட்டுக்கு வந்திருந்தார். எங்களைத் தாங்கிப் பிடிப்பவர் அவர்தான். “படிச்சு முடிச்சதும் குரூப் ஃபோர் எழுதப்போற. இந்த மார்க்குக்கு இந்தப் பட்டியல்ல கஷ்டம்மா. பேப்பர்ல மட்டும் மாத்திக்க. நீ எங்க போயி சாமி கும்புடறன்னு யாரு பாக்கப்போறா?” என்றார். அவர் கணக்கில் பிழையில்லை. தந்தை இல்லாத வீட்டில் ஓர் அரசு வேலை என்பது என்ன என்று எனக்குத் தெரியாதா? அன்றிரவு தூக்கம் வரவில்லை.

உண்மையான நம்பிக்கை இல்லாமல் ஒதுக்கீட்டின் பயனுக்காக மட்டும் மதம் மாறியதாகக் கூறுவது அரசியலமைப்புக்குச் செய்யும் மோசடி என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் கூறியது. ஆனால் என்னைத் தடுத்தது நீதிமன்றம் அன்று, வள்ளுவர். வினைத்தூய்மை அதிகாரத்தின் கடைசிக் குறளில், வஞ்சனையால் பொருள் சேர்ப்பதைச் சுடாத மண்கலத்தில் நீரூற்றி வைப்பதோடு ஒப்பிடுகிறார் அவர். ஊற்றிய நீரும் போகும், கலமும் கரையும். பச்சை மண்ணைத் தினமும் கையில் ஏந்தும் தாயின் மகளுக்கு இதைவிட எப்படிச் சொல்ல முடியும்?

காலையில் மாமாவிடம், “வேணாம் மாமா, இன்னும் நல்லாப் படிக்கிறேன்” என்றேன். அவர் வருத்தப்பட்டார், திட்டவில்லை. வயிற்றுப்பாட்டுக்காகத் தாளில் ஒன்றும் நெஞ்சில் ஒன்றுமாக வாழ வேண்டியவர்களை நான் பழிக்கவில்லை. அவர்கள் மீது அந்தச் சுமையை வைத்தது யார் என்று கேட்பதே நியாயம். சட்டம் மாற வேண்டும் என்று கேட்போருடன் நானும் சேர்ந்து கேட்பேன். அது மாறும் வரைக்கும் நான் யாரிடம் செபிக்கிறேனோ அவரைத் தாளிலும் மறுக்க மாட்டேன். வேலை கிடைக்க நாளாகலாம், கிடைக்காமலும் போகலாம். அந்த அச்சம் எனக்கு இருக்கிறது. ஆனால் அந்த முடிவை எடுத்த நாள் முதல் என் உள்ளத்தில் ஓர் அமைதியும் இருக்கிறது. தேர்வு வந்தும் அது போகவில்லை. கட்டணம் கட்டும் நாள் வந்தும் போகவில்லை. ஒன்பதாம் வகுப்புக் கண்ணீர் ஒரு வாரம் நின்றது. இது ஓராண்டை எட்டப்போகிறது.

தோழர்களே, தோழியரே! உங்கள் தேடலும் உங்கள் வழியும் வேறாக இருக்கலாம். எந்த வழியில் நடந்தாலும் ஒன்றை மட்டும் சோதித்துப் பாருங்கள். நீங்கள் பெற்ற நிறைவு, கேட்டது கிடைக்காத நாளிலும் உங்களோடு இருக்கிறதா? இழப்பு வந்த பிறகும் உங்கள் கையைத் திறந்தே வைத்திருக்கிறதா? இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். எனக்கு அது கிறிஸ்துவிடம் கிடைத்தது. அதை எனக்குக் காட்டியவர்கள் சூளையில் நின்ற ஒரு தந்தையும் பிசிறு நீக்கும் ஒரு தாயும். வரும் தையில் தாயாருடன் நானும் கோணான்குப்பத்துக்கு நடக்க இருக்கிறேன். முன்பு கேள்வி கேட்ட ஆய்வகத் தோழியும் உடன் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அவள் அம்மனைக் கும்பிடுபவள். “பெரியநாயகின்னாதானே பேரு, எனக்கும் தெரிஞ்சவங்கதான்” என்கிறாள்.